மண்டபம் கட்ட வேண்டாம் அக்கா

மனிட்டோபா, கனடா
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. போனில் கதைத்தால் பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை, எழுதி அனுப்பினால் நினைத்த நேரமெல்லாம் அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்பா என்று எழுதியிருந்தீர்கள். சரி, எழுதுகிறேன். ஒன்று மட்டும்: அடைப்புக்குறிக்குள் நான் எழுதுவதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். அது உங்களுக்கு.

நான் சுகமாக இருக்கிறேன். இங்கே இப்போது மைனஸ் 30 பாகை. வாசலைத் திறந்து முதல் மூச்சை இழுத்தவுடன் மூக்குக்குள் இருக்கிற மயிரெல்லாம் விறைத்துக் குத்தும். காருக்குக்கூட இரவில் மின்சார வயர் குத்தி வைக்கிறார்கள், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் எழும்பாது. நான் காரை விற்றுவிட்டேன். சின்ன ஊர், எதற்குக் கார்? வேலைக்குப் பண்ணை வான் வந்து ஏற்றுகிறது, மற்ற இடத்துக்கெல்லாம் நடைதான். நடப்பது உடம்புக்கு நல்லதாம். அறையையும் மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது வீட்டுக்குக் கீழே, நிலத்துக்குள் இருக்கிற அறை. குளிர் அவ்வளவாக வராது. சன்னல் சின்னது, ஆனால் வெளியே பார்க்க வெள்ளையைத் தவிர என்ன இருக்கிறது?

பண்ணையில் இது வேலை குறைந்த காலம். கிழமையில் மூன்று நாள் போனால் போதும். நல்ல ஓய்வு. (பன்றிப் பண்ணை என்று அம்மாவிடம் இன்னும் சொல்லிவிடாதீர்கள். மாடு என்றே இருக்கட்டும். நம் கோயில் ஆதிகோணநாயகருக்குத் தெரியும், அது போதும்.)

பொங்கலன்று பொங்கினேன். இங்கே தை மாதத்தில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் வருகிறது, அதுவரை காத்திருந்து பாலை வைத்தேன். பொங்கி வழிந்து அடுப்பில் பட்டதும் புகை மணி கத்தத் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா இரவுடுப்போடு தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தா. ஒரு கிண்ணம் கொடுத்தேன். முந்திரியைத் தெரிந்தெடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனா.

இனி சங்கத்து விசயம். சனசமூக நிலையத்தை இடித்துவிட்டு இரண்டு மாடியில் மண்டபம் கட்டப் போவதாகவும், அதில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வகுப்புகள் நடத்தப் போவதாகவும், வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரு தொகை எழுதியிருப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். தலைவர் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தொகையைப் பற்றிப் பிறகு. முதலில் இந்த ஊரில் இதையெல்லாம் எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதுகிறேன், கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள்.

இதுவும் நம் தம்பலகாமம் மாதிரி வயல் ஊர்தான். நெல்லுக்குப் பதில் கோதுமை, எண்ணெய்க்கு விளைவிக்கிற கனோலா. ஒரு பள்ளிக்கூடம், ஒரு கேர்ளிங் விளையாடுகிற ஐஸ் கொட்டகை, சேர்ச்சுகள், ஒரு கடை. வகுப்பு நடத்துவதற்கென்று தனிக் கட்டடம் ஏதும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதே கதவை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். விஞ்ஞான அறையில் முதலுதவி, மனையியல் அறையில் பாண் சுடுவது, பட்டறையில் வெல்டிங். பனிக் காலத்தில் விழுந்துவிடுவோம் என்று பயந்த கிழவன் கிழவிகள் விளையாட்டு மண்டபத்துக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். ஊராட்சி ஒரேயொரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறது. யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டு எழுதி, நாளும் நேரமும் போட்டு, வீட்டுக்கு வீடு ஒரு தாள் அனுப்புவதுதான் அவவின் வேலை. படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் ஊர்க்காரர். பாண் சுடப் படிப்பிப்பது ஒரு கமக்காரரின் மனைவி. முதலுதவிக்கு ஆஸ்பத்திரி நேர்ஸ். ஆள் சேர்ந்தால் வகுப்பு நடக்கும், சேராவிட்டால் நிறுத்திவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள்: குழந்தை பார்க்கப் பழக்குவது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பாடம், 11 முதல் 15 வயது வரை. ஒன்பது வயதில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த உங்களுக்கு இது ஒரு வகுப்பா என்று தோன்றும். ஆனால் சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது புளியங்கொட்டை தொண்டையில் சிக்கிய அன்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு நின்றாவே, நினைவிருக்கிறதா? இங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு பொம்மையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஐந்து தரம் அடிக்கிறது. பிறகு மல்லாத்தி நெஞ்சு நடுவில் ஐந்து தரம் அழுத்துகிறது. நேர்ஸ் மச்சாளிடம் கேளுங்கள், ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒதுக்கினால் நம் பெட்டைகளுக்கும் பெடியன்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவா. அதற்கு மாடி எதற்கு?

இன்னொன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கான 4-ஹெச் கழகம். அது கனடாவில் தொடங்கியது இந்த மாகாணத்தில்தான், ரோலண்ட் என்ற சின்னக் கிராமத்தில், 1913 இல். நாலு இலைச் செடிதான் அடையாளம்: தலை, நெஞ்சு, கை, உடல்நலம், ஆங்கிலத்தில் நாலும் ஹெச் எழுத்தில் தொடங்கும். செய்துதான் பழக வேண்டும் என்பது அவர்களுடைய வாசகம். ஒரு பிள்ளை ஒரு கன்றை எடுத்து வளர்க்கும். என்ன தீனி, என்ன செலவு, எவ்வளவு நிறை கூடியது என்று கொப்பியில் எழுதி வர வேண்டும். கோடையில் எல்லோர் முன்னும் கன்றை நடத்திக் காட்ட வேண்டும். இடையில் மேடையேறிப் பேசவும் வேண்டும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். கன்று வளர்க்கிற பிள்ளையை ஏன் பேசச் சொல்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரு பொடியன் நடுங்கி நடுங்கிக் கழிச்சல் நோயைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு இறங்கியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். நம் மருமகனுக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு சியார் கொப்பியும் வாங்கிக் கொடுங்கள். அறநெறிப் பாடசாலையில் தேவாரம் பாடச் சொன்னால் தூணுக்குப் பின்னால் ஒளிக்கிறவன், தன் ஆட்டைப் பற்றி என்றால் கதைப்பான்.

நானும் போகிறேன். சும்மா பொழுதுபோக்குக்கு. திங்கள் ஆங்கிலம், புதன் ஒட்டுத் துணிப் போர்வை, வியாழன் பாண். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை, அதுதான் குறை. வகுப்பு முடிந்து கோப்பியும் பிஸ்கட்டும் தருவார்கள், வியாழக்கிழமையென்றால் சுட்ட பாணை வீட்டுக்கும் கொண்டுபோகலாம், அது அடுத்த கிழமை வரை வரும்.

போர்வை வகுப்பை நீங்கள் பார்க்க வேண்டும் அக்கா. கத்தரிக்கோலே கிடையாது. சின்னச் சக்கரம் வைத்த கத்தியை ரூலர் ஓரமாக உருட்டி வெட்டுகிறார்கள். எந்தத் துண்டை எதோடு பொருத்தினாலும் தையல் ஓரம் கால் அங்குலம், ஒரு நூலும் கூடக்கூடாது. மேலே ஒட்டுத் துணி, நடுவே பஞ்சு, கீழே ஒரே துணி. உங்கள் மெசினுக்குக் கீழே குவிகிற வெட்டுத்துண்டுகளை நினைத்துக்கொண்டேன். பஞ்சு வைக்காமல் தைத்தால் நம் ஊருக்குப் போதும், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் காட்டிப் பார்க்கலாம்.

அந்த வகுப்பில் என்னைத் தவிர இன்னும் ஓர் ஆண், எதிர்வீட்டுக் கிழவர். முன்பு சொன்னேனே, விடியற்காலையில் பனி வழிக்கிற சத்தத்தில் தெருவையே எழுப்புகிறவர். மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு ஆள், அவருடைய முன்னோர் 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து இந்தச் சமவெளிக்கு வந்த குடியானவர்கள், வீட்டில் இன்னும் ஒரு வகை ஜெர்மன்தான். எந்த வகுப்புத் தாள் வந்தாலும் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிடுவார். வெல்டிங்குக்கும் வருவார், முட்டையில் சாயம் தீட்டவும் வருவார். புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குக்கூட வருகிறார்! பிலிப்பைன்ஸ்காரருக்கும் உக்ரைன்காரருக்கும் நடுவே உட்கார்ந்து, ரீச்சரின் உச்சரிப்பைத் திருத்துகிறார். பாவம், மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பொறுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து வீடு திரும்புவோம். அவர் ஒரு சொல்லும் பேசமாட்டார்.

கார்த்திகையில் என்னையும் ஒரு நாள் படிப்பிக்கச் சொன்னார்கள், சமையல். வின்னிபெக்கிலிருந்து உறைந்த தேங்காய்ப்பூ எடுப்பித்து பிட்டு, சொதி, கட்டாச் சம்பல் செய்தேன். உறைப்பில் அழுதுகொண்டே இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்கள். இடையில் ஒரு கமக்காரர் நெல் எப்படி விளைகிறது என்று கேட்டார். கரும்பலகையில் கீறிக் காட்டினேன். மேலே கந்தளாய்க் குளம், மதகு, பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வரம்பு. போகம் தொடங்குமுன் எல்லோரும் கூடித் தண்ணீர் திறக்கிற நாளைத் தீர்மானிப்போம் என்றதும் அவருக்கு ஆச்சரியம். இங்கே வாய்க்கால் வெட்டுவது தண்ணீரை வெளியே அனுப்ப, பனி உருகினால் வயலெல்லாம் நின்றுவிடும். 1986 சித்திரையில் குளக்கட்டு உடைந்த கதை அப்பா சொல்லுவாரே, அதையும் சொன்னேன். உங்கள் வயல் எது என்று கேட்டார். ஒரு புள்ளி வைத்தேன். வைத்த பிறகு என்னால் கதைக்க முடியவில்லை அக்கா. சொதி கொதித்தால் திரைந்துவிடும் என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதிர் வந்துவிட்டதா? யானை இந்த வருசமும் இறங்கியதா? யானை வெடி ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? அத்தான் தனியாகக் காவலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். வரம்பில் காலை நனைத்துக்கொண்டு நடந்து, கிண்ணியாத் தயிர்ச் சட்டியைத் திறந்து, பாணி ஊற்றி ஒரு நாள் சாப்பிட்டால் போதும் என்றிருக்கிறது. இங்கே தயிர் என்று எதையோ விற்கிறார்கள். அதில் ஸ்ட்ரோபெரி கிடக்கிறது.

சரி. சங்கத்தில் இதைச் சொல்லுங்கள்: முதலில் அதிபரைக் கேளுங்கள், பின்னேரம் இரண்டு அறை போதும். வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டியிருக்கும், ஓய்வுபெற்ற மாஸ்டரை அனுப்பினால் காரியம் நடக்கும். தையல் உங்களிடம் இருக்கிறது. மோட்டார் திருத்தம் மெக்கானிக் அண்ணையிடம். பெடியன்களுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரிக்கலாம், இளைஞர் கழகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் பிறகு ஒன்றும் வைக்காதீர்கள், யானைக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள். வகுப்பு ஒரு வருசம் ஓடட்டும், பிறகு மண்டபத்தைப் பற்றி யோசிக்கலாம். காசுக்காக நான் இதைச் சொல்லவில்லை என்று தலைவர் மாமாவுக்கு விளங்கப்படுத்துங்கள்.

(இந்த மாதமும் காசு கொஞ்சம் பிந்தும். டொலரின் விலை சரியில்லை, ஏறட்டும் என்று பார்க்கிறேன். என் பெயருக்கு நேரே எழுதிய தொகைக்காக நீங்கள் மகளிர் குழுவில் கடன் எடுத்துவிடாதீர்கள். கிழமைக்குக் கிழமை வந்து வாசலில் நிற்பார்கள். நகையும் அடகு வைக்க வேண்டாம்.)

அம்மாவின் கண்ணுக்குத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்துவிட்டார்களா? கொடுத்தால் பிற்போட வேண்டாம், அறுவடை முடியட்டும் என்று அம்மா சொல்லுவா, கேட்காதீர்கள். மருமகள் உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுக்கிறாள்? கணிதம் வராது என்று அவளே சொன்னால் விட்டுவிடுங்கள், அத்தானின் ஆசைக்காக அவளை வதைக்க வேண்டாம். எனக்கு வந்த நிலாவெளிச் சம்பந்தத்துக்கு இப்போது ஒன்றும் சொல்லாதீர்கள். மாட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். சாதகம் அங்கேயே இருக்கட்டும்.

வயல் வரம்பை பெரியப்பா மகன் தள்ளிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். சண்டை பிடிக்காமல் முதலில் காணி பெர்மிட்டைத் தேடி எடுங்கள், அப்பாவின் தகரப் பெட்டியில் அடியில் இருக்கும். பின்னுரித்தாளியாக, அதாவது தனக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, அப்பா யாருடைய பெயரைப் போட்டிருக்கிறார் என்று பார்த்து, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தால் ஒட்டாவாவில் இருக்கிற நம் தூதரகம் வழியாகத்தான் செய்ய வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். அதனால் இந்தக் கிழமையே பாருங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அத்தானைத் தனியாக விடாதீர்கள், கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவார். மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: சக்கரக் கத்தி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்து விடுகிறேன். கீழே தடித்த அட்டை வைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் அம்மாவின் மேசை போய்விடும்.