யூனிட் போட்ட மாப்ளைக்கு

டேய் மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? இங்க நல்லா இருக்கோம்டா, பெரியவன் பிளஸ் டூ வந்துட்டான், அம்மாவுக்குத்தான் முட்டி வலி குறையவே இல்ல. தாராபுரம் பக்கம் நீ டீசர்ட் தைக்கிற யூனிட் போட்டது ரொம்ப சந்தோசம். ஆனா 20 மெஷின் ஓடியும் நாளைக்கு 600 டீசர்ட் தாண்ட மாட்டேங்குது, டெய்லருங்க ஏமாத்தறாங்க, கேமரா வெக்கவான்னு கேட்டிருந்த பாரு, அதப் படிச்சதும் போன்ல பேசினா பத்தாது எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல கணக்கப் பாரு. 20 பேரு, 8 மணி நேரம், மொத்தம் 9,600 நிமிஷம். உன்னுது சாதா ரவுண்ட் நெக், ஒரு பீஸ் தைக்க ஆகவேண்டிய நேரம், அதான் சாம்னு சொல்றமே, அது 8 நிமிஷம்னு வெச்சாலும் 600 பீஸுக்கு 4,800 நிமிஷம்தான். எபிசியன்சி 50 சதவீதம். மீதி பாதி நேரம் எங்க போகுதுன்னு பாக்காம டெய்லர் மேல பழி போட்டா என்ன அர்த்தம் சொல்லு.

நான் இத்தன வருஷமா திருப்பூர்ல லைன், அதான் ஆளுக்கொரு வேலையா பீஸ் கைமாறிப் போற மெஷின் வரிசை, பாக்கறேன், அந்த மீதி நேரத்துல முக்காவாசி காத்திருக்கறதுலதான்டா போகுது. போன மாசம் கூட ஒரு லைன்ல, கழுத்துப் பட்டி, அதான் ரிப், வெக்கிற அக்காகிட்ட பீஸ் மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு, அவங்க தலையத் தூக்கக்கூட நேரம் இல்லாம தைக்கறாங்க, அடுத்து கை ஜாயின்ட் பண்ற ரெண்டு பேரும் பேட்லாக் மெஷின்ல பாட்டம் மடிச்சுத் தைக்கிற டெய்லரும் பீஸ் வராம சும்மா உக்காந்திருக்காங்க. சூப்பர்வைசர் யாரத் திட்டறான்னு நெனைக்கற, அந்த அக்காவத்தான்! ரிப்புக்கு இன்னொரு மெஷின் போட்டு ஒரு ஹெல்பர விட்டோம், மத்தியானத்துக்குள்ள லைன் ஓட ஆரம்பிச்சிருச்சு. நூல் கலர் மாத்தறதுக்கு, கட்டிங்ல இருந்து பண்டல் வர்றதுக்கு, மெக்கானிக் வர்றதுக்குன்னு காத்திருக்கறதும் இப்படித்தான், இதெல்லாம் ஒரு டெய்லர் கையில இருக்கா?

அப்புறம் ஸ்டைல் மாறுனா மொத ரெண்டு மூணு நாள் பீஸ் குறையத்தான் செய்யும், கை பழகணுமில்ல. நமக்கு வர்றதே சின்னச் சின்ன ஆர்டர், கை பழகறதுக்குள்ள ஆர்டரே முடிஞ்சிடுது. அதனால ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மூணு ஆபரேஷன் கத்துக்குடு, ஒருத்தர் லீவு போட்டாலும் லைன் நிக்காது.

உன் யூனிட்டு தகர ஷீட்டுதானே, சித்திரை வெயில்ல மத்தியானம் 2 மணிக்கு நீயே ஒரு மணி நேரம் ஓவர்லாக் மெஷின் முன்னாடி உக்காந்து பாரு. பெங்களூரு பக்கம் கார்மென்ட்ஸ் பேக்டரிங்கள்ல பழைய லைட்ட எடுத்துட்டு எல்இடி போட்டத வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, எல்இடில சூடு கம்மிங்கறதால வெயில் நாள்ல பீஸ் கூடுச்சு, கரண்டு பில்லுல மிச்சமானத விட பீஸ் கூடுனதுல கெடச்ச லாபம் ரெண்டு மடங்குக்கு மேல. பாத்ரூம் சரியில்லைன்னா பொம்பளைங்க தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கறாங்க மாப்ள, அந்த வெக்கைல அப்புறம் தலவலி, மயக்கம்னு லீவு. இது எனக்கு ரொம்ப வருத்தமான விசயம், மொதல்ல அதக் கட்டிக் குடு.

ஒன்றரை ஷிப்ட்டு தெனம் ஓட்டாத, ராத்திரி வரைக்கும் தச்சவங்க காலைல வந்து எப்படி தைப்பாங்க, தப்பாத் தச்சுத் திருத்த வர்ற ஆல்ட்ரேஷன் பீஸ்தான் ஏறும். சனிக்கெழம சம்பளத்த சனிக்கெழமையே குடுத்துடு, இழுத்தடிச்சா திங்கக்கெழம பாதி மெஷின் காலிதான். பீஹார், ஒடிசா பசங்கள நல்லா பாத்துக்க. 2023 மார்ச்ல, வடக்கத்தி ஆளுங்கள இங்க அடிக்கறாங்கன்னு அந்தப் பொய் வீடியோவெல்லாம் பரவுனப்ப பயந்துபோய் எத்தன பேரு ஊருக்குக் கெளம்புனாங்கன்னு உனக்கே தெரியும், நம்ம மேல நம்பிக்க இருந்தாத்தான் இருப்பாங்க.

எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சு திட்டற சூப்பர்வைசர் இருந்தா அவன மாத்து. திட்டு வாங்கின கை அன்னிக்கு ஓடாது, நான் பாத்திருக்கேன்.

இப்பத்திக்கு ஒண்ணு பண்ணு, மணிக்கு மணி எத்தன பீஸ் வெளிய வந்துச்சு, எந்த மெஷின் எதுக்கு நின்னுச்சுன்னு ஒரு நோட்டுல ஒரு வாரம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம். அதுவரைக்கும் கேமராவுக்கு அட்வான்ஸ் குடுத்துடாத.

தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு.