ஏழு ஆசையில் இரண்டு

குடியாத்தம்,
ஜூன் 8

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது, வெயில்தான் கலையவில்லை. வீட்டில் எல்லோரும் நலம்.

ஏழு லட்சியம் எழுதியிருக்கிறாய். நடை, சர்க்கரையைக் குறைப்பது, மகள் படிப்புக்குச் சேமிப்பு, இந்தி, மாடித் தோட்டம், பாதியில் நிற்கும் புத்தகங்கள், ஆடிக் கிருத்திகைக்கு எங்கும் உட்காராமல் வள்ளிமலை ஏறுவது. என்னைக் கேட்டால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தை மாதத்துக்குத் தள்ளு. நடை, சர்க்கரை, வள்ளிமலை மூன்றும் ஒரே வேலைதான். அது ஒன்று, சேமிப்பு இரண்டாவது. ஆடிக்குள் ஏறுகிறேன் என்று முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதே. தைப்பூசம் போதும், முருகன் அங்கேயேதான் இருப்பார்.

'சர்க்கரையை ஏழுக்குள் கொண்டுவருவேன்' என்று எழுதியிருக்கிறாய். அந்த எண் உன் கையில் இல்லை. வாரம் ஐந்து நாள் நடப்பது உன் கையில் இருக்கிறது, அதை எண்ணு. நீ சொல்லும் ஏழு எச்பிஏ1சி எண். ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்த டெஸ்ட் அது. அதை மாதாமாதம் எடுத்துப் பார்த்து மனம் உடைவதில் அர்த்தமில்லை. இப்போது ஒன்று, செப்டம்பரில் ஒன்று.

முதல் வாரம் 15 நிமிடம் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் நான்காவது வாரம் 30 வரும். ஐந்து நாளுக்கு 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். முதல் நாளே ஒரு மணி நேரம் நடக்கிறவர்களுக்குப் பத்தாம் நாள் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலிக்கும், அத்தோடு நின்றுவிடுவார்கள். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கு, அப்போதுதான் கால் சற்று வீங்கி இருக்கும். சர்க்கரைக்காரன் நீ, நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடு. சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுவதாக இருந்தால் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரைக் கேள். சட்டைப் பையில் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

நான்காவது வாரத்துக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்கு. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் தொடையின் முன்தசை உடம்பு எடையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி விடுகிறது. பழக்கமில்லாதவனுக்கு மறுநாள் தொடை கட்டிக்கொள்வது அதனால்தான். ஆகவே இறங்குவதையும் பழகு, மெதுவாக.

வேலூர்க் கோட்டைக்குப் போய் நடப்பதாகத் திட்டம் போட்டிருக்கிறாய். சத்துவாச்சாரியிலிருந்து வண்டி எடுத்து, நிறுத்தி, நடந்து, திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டாவது வாரமே சலிக்கும். உன் தெருவிலேயே நட, கோட்டையை ஞாயிற்றுக்கிழமைக்கு வை. வேலூர் வெயிலுக்கு ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் சரி. மழை வந்தால் என்ன செய்வாய் என்பதை இப்போதே எழுதி வை: 'காலையில் மழை பெய்தால், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் வீட்டுக்குள் பத்துப் பத்து நிமிடம்.' ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஒரு வரிதான் உன்னைக் காப்பாற்றும். சாப்பிட்டதும் நடப்பது சர்க்கரை திடீரென்று ஏறுவதையும் தணிக்கும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார்களே, நம்பாதே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நம் ஊர்க் கணக்கான ஒரு மண்டலம்கூடப் பலருக்குப் பற்றாது. ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதில்தான் கண்டார்கள். எனவே ஒரு நாள் போனால் போகட்டும், அடுத்த நாள் பத்து நிமிடமாவது நடந்துவிடு.

மாலை போட்டவர்கள் எப்படி விடாமல் இருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறாயா? பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். கறுப்பு வேட்டியைப் பார்த்து டீக்கடைக்காரரே "சாமி" என்கிறார், அப்புறம் எப்படித் தவறுவது? நீயும் கடையில் ஒருமுறை சொல்லி வை, சர்க்கரை இல்லாத டீ தானாக வரும். மாத காலண்டரைச் சமையலறையில் மாட்டி, நடந்த நாளை வட்டமிடு. தினசரி காலண்டர் ஆகாது, கிழித்துப் போட்டால் கணக்கும் கூடப் போய்விடும்.

சேமிப்புக்கு மாதாமாதம் ஒரே தொகை கட்டும் அஞ்சலக ஆர்.டி. போதும். வட்டி 2023 அக்டோபரில் 6.7 சதவீதமானது. அந்த வட்டியில் மாதம் 5,000 கட்டினால், 60 மாதத்தில் நீ போட்ட 3 லட்சம் சுமார் 3,57,000 ஆகும். தொடங்கும் நாளின் வட்டியே கடைசிவரை. மாதம் 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், அதற்குப் பின் தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள்வரை. தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், தொடர்ந்து நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுபோகும். தொகையை நடுவில் மாற்ற முடியாது. கை இறுக்கமாக இருந்தால் 3,000-க்குத் தொடங்கு, பிறகு 2,000-க்கு இன்னொரு கணக்கு போட்டுக்கொள்ளலாம். சம்பளம் வந்த மறுநாளே கட்டிவிடு. மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டுகிறேன் என்றால், உன் வீட்டில் எது மிஞ்சும்?

அடுத்த கடிதத்தில் ஜூன் மாதத்து வட்டங்கள் எத்தனை என்று எழுது. விட்ட நாளுக்குக் காரணம் வேண்டாம், கிழமை மட்டும் போதும். ஒரே கிழமை திரும்பத் திரும்ப வந்தால் அன்றைக்கு வேறு நேரம் பார்ப்போம்.

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன்,
முரளி