கூடலூரில் வகுப்பு தொடங்கும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய லாட்ஜ், சுற்றுலா வேலைப் பயிற்சியின் பாடத்திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் வாரம் முழுக்கச் சுற்றுலாத் துறையின் வரலாறும் வளர்ச்சியும் என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. கூடலூரிலும் லோயர் கேம்ப்பிலும் இருந்து வரப்போகிற பிள்ளைகளுக்கு மலைமேல் கேரளத்துக் குமுளியில் எந்த லாட்ஜில் எவ்வளவு சம்பளம், யார் ஒழுங்காகத் தருகிறார் என்பதெல்லாம் உன்னைவிட நன்றாகத் தெரியும். மெத்தை விரிப்பின் மூலையை மடிக்கத்தான் தெரியாது. முதல் நாள் காலையிலேயே பெட்ஷீட்டைக் கையில் கொடு.

தொடங்கும் மாதத்தையும் மாற்று. ஜனவரி என்கிறாய். நவம்பர் நடுவில் மாலை போட்டவர்களின் வண்டி வரத் தொடங்கினால் மகரவிளக்கு முடியும்வரை குமுளியில் நிற்க இடம் இருக்காது. நடுவில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வேறு. அந்த நேரத்தில் பயிற்சிக்கு அறை கேட்டால் எவர் தருவார்? ஜூனில் தொடங்கு. மழைக்காலத்தில் தேக்கடியில் பாதி அறை காலியாகத்தான் கிடக்கும். கேட்டால் தருவார்கள், சூப்பர்வைசருக்கும் நின்று சொல்லிக்கொடுக்கப் பொழுது இருக்கும். ஆகஸ்டு கடைசியில் முடித்தால் ஓணம், பூஜை விடுமுறை, தீபாவளி என்று கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிள்ளைகளும் வேலையில் அப்படியே பழகிக்கொள்வார்கள்.

வாங்க வேண்டிய விரிப்பின் அளவு 90க்கு 100 என்று எழுதியிருக்கிறாய். கணக்குப் போட்டுப் பார். மெத்தை 72க்கு 78 அங்குலம், கனம் 8. இரண்டு பக்கமும் 8 இறங்கி, அடியில் 6 உள்ளே போக வேண்டுமென்றால் 100க்கு 106 வேண்டும். பருத்தி முதல் சில சலவையில் சுருங்கும், அதற்கு இன்னும் நாலைந்து அங்குலம். சிறிய விரிப்பை வைத்துப் பழகினால் பிள்ளை எவ்வளவு நன்றாக மடித்தாலும் இரவில் பிடுங்கிக்கொண்டு வரும். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஒரு மெத்தைக்கு மூன்று செட் போதும் என்பது மதுரைக் கணக்கு. குமுளி மழையில் துணி காய இரண்டு நாள் ஆகும், நான்கு செட் வை.

செக்-அவுட் ஆன அறையை வேலையின் வரிசை கெடாமல் பழக்கு. கதவைத் தட்டிக் குரல் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து உள்ளே போனதும் ஜன்னலைத் திறக்க வேண்டும். அடுத்து விளக்கு, ஃபேன், டிவி எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கணும். கெட்டுப்போனதை முதலிலேயே சொன்னால் எலெக்ட்ரீஷியன் வரும்வரை மற்ற வேலை நடக்கும். குப்பையையும் அழுக்குத் துணியையும் எடுத்த கையோடு டாய்லெட்டில் மருந்தை ஊற்றிவிட வேண்டும். அது ஊறப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடத்தில் படுக்கை முடியும். படுக்கைக்கு முன்னால் தூசி தட்டினால், விரிப்பை உதறும்போது பறக்கிற தூசி திரும்ப மேசையில்தான் உட்காரும். தூசியை வாசலில் தொடங்கி வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றித் துடைக்கச் சொல், ஒன்றும் விட்டுப்போகாது. பிறகு குளியலறை. கடைசியில் தரை, உள்ளிருந்து வாசலை நோக்கி. முதல் வாரம் இதற்கு 50 நிமிடம் ஆகும். மூன்றாம் மாதம் 30க்கு வரவில்லையென்றால் வேகமாகச் செய் என்று விரட்டாதே, எத்தனை தடவை குளியலறைக்கும் துணியும் மருந்தும் வைத்த தள்ளுவண்டிக்கும் நடக்கிறார்கள் என்று எண்ணு. பெரும்பாலும் பொழுது நடையில்தான் போகிறது.

டாய்லெட், வாஷ்பேசின், அறை, கண்ணாடி நான்குக்கும் நான்கு நிறத் துணி. இதில் மட்டும் இளகிவிடாதே. விருந்தாளி போட்டுவிட்டுப் போன துண்டால் கண்ணாடித் தம்ளரைத் துடைப்பது எல்லா ஊரிலும் நடக்கிற அநியாயம். புதுத் துணி பக்கத்தில் இல்லாததால்தான் நடக்கிறது, ஆகவே வண்டியில் தம்ளர் துணியைத் தனியாக, கைக்கு எட்டும் தட்டில் வை.

சுத்தம் செய்கிற மருந்துகளில் மேலே குமுளியில் பெரும்பாலும் டாஸ்கி கம்பெனி வரிசையைத்தான் வைத்திருப்பார்கள். ஆர்-1 குளியலறைக்கு, ஆர்-2 தரைக்கு, ஆர்-3 கண்ணாடிக்கு, ஆர்-4 மரச்சாமானுக்கு, ஆர்-5 வாசனைக்கு, ஆர்-6 டாய்லெட்டுக்கு. எண்ணையும் இடத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஆர்-2 சாதாரண அழுக்குக்கு லிட்டருக்கு 20 மி.லி. போதும். கண்மதிப்பில் கூட ஊற்றினால் தரை பிசுபிசுக்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், அழுக்குப் போகவில்லையே என்று மறுநாள் இன்னும் கூட ஊற்றுவார்கள். டாய்லெட் மருந்து அமிலம். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; பூட்டிய குளியலறையில் மூச்சு அடைத்துவிடும். இதைச் சொல்லாமல் ஒருவரையும் குளியலறைக்குள் அனுப்பாதே.

எழுத்துப் பரீட்சை வேண்டாம். ஓர் அறையை நீயே தயார் செய்து, இருபது குற்றம் ஒளித்து வை. பல்பைப் பாதி கழற்றிவிடு, ரிமோட்டில் பேட்டரியை எடுத்துவிடு. சோப்புத் தட்டில் ஒரு முடி. தலையணை உறையின் வாய் வாசலைப் பார்த்திருக்கட்டும். தேதி தாண்டிய தண்ணீர் பாட்டில், கட்டிலுக்கடியில் ஒற்றைச் சாக்ஸ், தீயணைப்பான் முள் சிவப்பில். பத்து நிமிடத்தில் எத்தனை கண்டுபிடிக்கிறார்கள் என்று பார். முதல் தடவை எட்டைத் தாண்ட மாட்டார்கள். வாரம் ஒரு முறை குற்றத்தை மாற்றி மாற்றி வைத்தால் கண் திறந்துகொள்ளும். பிறகு பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் ஒளித்து வைக்கச் சொல்; அதில் வருகிற போட்டி உன் பாடம் எதிலும் வராது.

சாப்பாட்டுப் பரிமாற்றத்துக்கு நீ எழுதியதே போதும், இரண்டைச் சேர்த்துக்கொள். ஆர்டரைத் திரும்பச் சொல்லிக்காட்டிய பிறகே கே.ஓ.டி., அதாவது சமையல்கட்டுக்குப் போகிற ஆர்டர் சீட்டு, எழுத வேண்டும். வடக்கே இருந்து வருகிறவர்களில் ஜைனர் பலர். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு மூன்றும் கூடாது, சாம்பாரை வடிகட்டிக் கொடுப்பது ஏமாற்று. மேலே சமையல் தேங்காய் எண்ணெயில், அதையும் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது. சமையல்கட்டில் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும்: சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5க்குக் கீழ்.

பேச்சு. மலையாளம் நம் பிள்ளைகளுக்குக் காதிலேயே இருக்கிறது, ஹிந்திக்கு நாள் ஒதுக்கு. ஆங்கில இலக்கணம் நடத்தாதே. நாற்பது வாக்கியம் போதும், ஆனால் தயங்காமல் வர வேண்டும். நம் ஊர்த் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்று வெள்ளைக்காரருக்குப் புரிவதில்லை. வாயைத் திறந்து பதில் சொல்லப் பழக்கு. "பார்க்கலாம்" என்ற சொல்லையும் வகுப்பில் தடை செய். "கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்து சொல்கிறேன்" என்று சொல்லி, பத்தாவது நிமிடம் போய் நிற்க வேண்டும், பதில் கிடைக்காவிட்டாலும். முன்மேசைக்கு, அதாவது ரிசப்ஷனுக்கு, போகிறவர்களுக்கு, வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குகிற விவரம் அரசிடம் பதிவாக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களே அதைத்தான் மறந்துபோகிறார்கள்.

வழிகாட்டிப் பாடத்தில் பாதியைக் காட்டிலிருந்து வரவழைக்கலாம். பெரியாறு புலிகள் காப்பகத்தில் ஒருகாலத்தில் வயணப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை) திருட்டாக உரித்தவர்களையே குழுவாக்கி வழிகாட்டிகளாக மாற்றினார்கள். தடமும் வாசனையும் ஏற்கெனவே தெரிந்த ஆட்கள், அவர்களில் ஒருவரை ஒரு நாள் கூப்பிடு. ஏலத்தோட்டத்தில் பூ செடியின் தூரில், மண்ணோடு மண்ணாக வரும் என்பதையும், ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் என்பதையும், கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடி என்பதையும் கையில் வைத்துக் காட்டச் சொல். அதை விட்டுவிட்டு எல்லா நோய்க்கும் மருந்து என்று கதை அளந்து கமிஷன் கடைக்குக் கூட்டிப்போவதுதான் மேலே இப்போது நடக்கிறது.

படகில் வேலை பார்க்கப் போகிறவனுக்கு 2009 செப்டம்பர் 30ஐச் சொல். தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். விலங்கைப் பார்க்கக் கூட்டம் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. ஆகவே "உட்கார்ந்தபடியே பாருங்கள்" என்பதைக் கரையிலேயே சொல்ல வேண்டும். யானையைக் கண்டபிறகு யார் காதிலும் விழாது. தலையை எண்ணுவதும் லைஃப் ஜாக்கெட் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பதும் கயிறு அவிழ்க்கும் முன்னால்.

நீ எழுதாமல் விட்டது ஒன்று: பஸ். கம்பத்திலிருந்து குமுளி இருபது சொச்சம் கிலோமீட்டர், கடைசிப் பகுதி மலைப்பாதை, மழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். காலை 7 மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே கிளம்பணும். பிரேக் ஷிஃப்ட் என்றால் காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம், நடுவில் இறங்கி ஏற முடியாது. இரவு பத்தரைக்கு வேலை முடிகிற பெண்பிள்ளை எப்படி இறங்கும்? நன்றாக வேலை கற்ற பிள்ளைகள் இரண்டே மாதத்தில் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். தங்குமிடம், வாரம் ஒரு நாள் லீவு, இரவு வண்டி மூன்றையும் லாட்ஜ்காரரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுப் பிள்ளையை அனுப்பு.

சான்றிதழுக்குச் சுற்றுலாத் திறன் கவுன்சிலின் பாடத்தரத்தோடு உன் பாடத்தைப் பொருத்திக்கொள். சமையல் பக்கம் போகிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் பயிற்சி; உணவைக் கையாளுகிற 25 பேருக்கு ஒருவராவது அதை முடித்திருக்க வேண்டும் என்பதால் மேலே கேட்டு எடுப்பார்கள்.

வகுப்புக்குப் பார்த்த கட்டிடத்தில் குளியலறை ஒன்றுதான் இருக்கிறது, இருபது பேருக்கு வரிசை நிற்கும். வீட்டுக்காரரிடம் பின்கட்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை சொல்வார். அதுவரை முன்பணம் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா