ஒருக்களித்துப் படு, கண்ணு

அன்புள்ள மேகலாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. வாசல் தென்னையில் மறுபடியும் வெள்ளை ஈ. போன் செய்தால் "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரனுக்கு மூச்சுவிடாமல் பதில் சொல்கிற பிள்ளைக்கு அப்பனிடம் இரண்டு நிமிஷம் பேச வாய் வரவில்லை. சரி, போகட்டும்.

சரவணன் சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். பகலில் தூங்கும்போது உனக்கு அமுக்குகிறதாமே. முழிப்பு வந்துவிடுகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் பாரம். கதவு ஓரம் ஒரு ஆள் நிற்கிறான், கையில் ஏதோ குலை மாதிரி என்று சொல்லிக்கொண்டே வந்தவன், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டான். நானும் மேலே கேட்கவில்லை.

மல்லாந்து படுக்காதே. ஒருக்களித்துப் படு. இந்த ஒன்றைச் சொல்லத்தான் கடிதம் என்று வைத்துக்கொள்.

நம்ம டாக்டரிடம் போய் உட்கார்ந்து எல்லாம் கேட்டுவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்த பெண் என்றேன். கனவு காணும் நேரத்தில் மூளையின் அடித்தண்டு உடம்புத் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுமாம். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டே ஓடிவிடுவானே. கண்ணுக்கும் மூச்சு இழுக்கும் தசைக்கும் மட்டும் அந்தக் கட்டு கிடையாது. புத்தி முந்தி விழித்து, கட்டு அவிழத் தாமதமானால் அதுதான் அமுக்குவது. பாதிக் கனவு கண்ணெதிரிலேயே நின்றுகொண்டிருக்கும். சில விநாடி, மிஞ்சினால் சில நிமிஷம். உயிருக்கு ஒன்றும் ஆகாது. எழுந்திருக்க மல்லுக்கட்டாமல், கால் கட்டை விரலை மட்டும் அசைக்கப் பார். தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்ட் மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் அதிகம் வருமாம். இன்னொன்றும் கேட்டார்: சிரிக்கும்போது முட்டி தொய்ந்து போகிறதா, பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம் தள்ளுகிறதா? அப்படி இருந்தால் அது வேறு, காட்டியே ஆக வேண்டும். மறைக்காமல் சொல்லு.

அப்புறம் அந்தக் கனவுப் பயிற்சி. கடிகாரத்தை இரண்டு தரம் பார்ப்பது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட முடிகிறதா என்று பார்ப்பது, அப்படியே கனவுக்குள்ளேயும் பார்த்து "இது கனவு" என்று கண்டுபிடிப்பது. சரவணன் செல்லில் காட்டினான். 1975இல் இங்கிலாந்தில் ஹல் என்ற ஊரில், தூங்குகிற ஒருவர் கனவுக்குள் இருந்தபடியே, முன்பே பேசிவைத்த மாதிரி கண்ணை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினாராம். கருவி அதைப் பதிந்துகொண்டதாம். என் மகள் அந்த வித்தையைத் தானாகக் கற்கிறாள் என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தேன். ஆனால் ஐந்து மணி நேரம் தூங்கி, அலாரம் வைத்து எழுந்து, அரை மணி விழித்திருந்து மறுபடி படுக்கிறாயாமே? தூக்கத்தை உடைத்தால்தானே அமுக்குவதும் கூடும்? கெட்டிக்காரி செய்கிற காரியமா இது? அலாரத்தை விடு. ஒருக்களித்துப் படு.

அந்த 1975இல்தான் நான் மில்லில் சேர்ந்தேன். முழு நைட்டு பார்த்துவிட்டு வந்து பகலில் லைன் வீட்டில் மல்லாந்து கிடப்பேன். அமுக்கும். கண் மட்டும் ஓடும். கூரையில் ஓடு எண்ணுவேன், பதினாலாவது ஓட்டுக்குள் கை அசைந்துவிடும். மூன்று வருஷம் அப்படி. பேயும் இல்லை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், கண்ணு. யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

நீ ஆறாவது படிக்கும்போது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாயே, அன்றைக்கு "எனக்கும் வரும், ஓடு எண்ணு" என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரி. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தது என்று உன் மாமன் வீட்டார் பேசுவார்களே என்று வாயை மூடிக்கொண்டு, உன்னைப் பூசாரியிடம் இழுத்துப் போனேன். அவர் வேப்பிலை அடிக்கும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டவன் நான். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் ஊரில் இல்லை. நானே வேப்பங்குலை ஒடித்து வந்து வாசலில் நிறுத்தி அடித்தேன். அதற்கப்புறம் நீ அமுக்குகிறது என்று சொன்னதே இல்லை. தெளிந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

கனவில் வருகிறவனைக் கண்டு ஓடக் கூடாது, திரும்பி நின்று நீ யார் என்று கேட்க வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் சொல்கிறார்களாமே. கேள். அப்பாவாக இருந்தால் குலையைக் கீழே போடச் சொல்லு. போட்டுவிடுவேன்.

பார்சலில் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை வைத்திருக்கிறேன். ஒன்று தலைக்கு. இன்னொன்றை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொள், தூக்கத்தில் மல்லாந்துவிடுவாய். பருப்புப் பொடி அம்மா வைத்தது.

இப்படிக்கு,
அப்பா