பேசினில் பெட்ரோல் ஊற்றச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் பைக் பராமரிப்பு பற்றி எழுதியவர், "மெக்கானிக்குகள் செய்வதுபோல ஒரு பேசினில் பெட்ரோல் ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் கிரீஸ் போய்விடும்" என்கிறார். முப்பத்தொரு வருடமாகத் தண்டையார்பேட்டையில் லாரி கியர் பாக்ஸ் பிரிக்கிறவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்களை எதற்கு அவர் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?

நாங்களும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவர்கள்தான், மறைக்கவில்லை. 1998இல் என் பட்டறையில் பெட்ரோல் பேசின் பக்கத்தில் கைவிளக்கு விழுந்து பல்பு உடைந்தது. கூட வேலை பார்த்த என் சித்தப்பா மகனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. இன்றும் அவனுக்கு இடது கை விரல்கள் முழுசாக மடங்காது. ஸ்பேனரைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கித்தான் பிடிப்பான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மண்ணெண்ணெய் ஆவி பற்றிக்கொள்ள 38 டிகிரியாவது சூடு வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 போதும். எங்கள் பக்கத்து ஒண்டுக்குடித்தனங்களில் பைக் நிற்கும் சந்துக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் பத்திரிகையை நம்பி பேசினை எடுத்தால் என்ன ஆகும்?

அந்த விபத்துக்கு அப்புறம் பாகங்களைக் கழுவ நாங்களே ஒரு தொட்டி செய்தோம். சோப்பு எண்ணெய் வந்த 200 லிட்டர் பேரல். பெட்ரோல், டீசல் வந்த பேரல் என்றால் கழுவின பிறகும் இரும்பு அறுக்கும் கட்டிங் வீல் வைக்கக் கூடாது, பொறி பட்டால் வெடிக்கும். நீளவாக்கில் பிளந்து, எல் ஆங்கிள் இரும்பில் கால் வைத்து, மேலே ஓட்டை போட்ட தகடு. உள்ளே ஏர்கூலரில் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார், அடியிலிருந்து நாலு அங்குலம் தூக்கி வைத்தது. வண்டல் கீழே தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் ஓஸ் வழியாக பிரஷ்ஷுக்கு வரும். அதில் பெட்ரோலும் கிடையாது, மண்ணெண்ணெயும் கிடையாது. கிரீஸ் நீக்கும் சோப்புத் தண்ணீர்தான். வெயில் நாளில் தொட்டியை வாசலுக்கு இழுத்துவிட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாகி, கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் கறுப்பாக அப்பியிருக்கும் கிரீஸ் தோல்போல உரிந்து வரும். பார்க்கவே அவ்வளவு நிம்மதியாக இருக்கும். காஸ்டிக் சோடா போட்டால் இன்னும் வேகம், ஆனால் அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு கியர் பாக்ஸின் வெளிக்கூட்டைப் பாழாக்கித்தான் அதைக் கற்றேன். கழுவியதும் காற்றடித்து எண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் மறுநாளே பேரிங் துருப்பிடிக்கும்.

இதையெல்லாம் படம் வரைந்து மூன்று வருடம் முன்பு உங்களுக்கு அனுப்பினேன். வெளியிடாதது உங்கள் உரிமை. ஒரு பதிலாவது போட்டிருக்கலாம். பட்டறை என்றாலே சாக்கடையில் ஆயில் ஊற்றுகிறவர்கள் என்று மட்டும் வருடத்துக்கு ஒரு தடவையாவது எழுதிவிடுகிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது என் மைத்துனரின் வலையும் படகும் கறுத்துப்போயின. அந்த வலையைக் கழுவப் பார்த்தவன் நான், கழுவ முடியவில்லை. தொட்டி வண்டலை நான் கால்வாயில் கொட்டுவேனா? மூடி போட்ட டின்னில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்கிறோம்.

கட்டுரையாளரைக் குறை சொல்லச் சொல்லவில்லை. 'பெட்ரோல் ஊற்றிக் கழுவ வேண்டாம்' என்று வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி மெக்கானிக்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81