ட்ரான்ஸ்பரில திருகோணமலைக்கு வாறவை குடும்பத்தோட வாங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வருஷ முடிவில ட்ரான்ஸ்பர் லிஸ்ட் வந்தா, திருகோணமலை எண்டு பேர் விழுந்த ஆக்கள் எனக்கு போன் எடுக்கிறது வழமையாப் போச்சு, நாங்கள் பருத்தித்துறையில இருந்து வந்து குடும்பமா இங்கயே இருக்கிற ஆக்கள் எண்டதால. எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான். தங்கிறதுக்கு ரூம் ஒண்டு எடுக்கலாமோ, வெள்ளிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாண பஸ் எத்தினை மணிக்கு? வந்து சேர முதலே திரும்பிப் போற பஸ்ஸைத்தான் கேக்கினம். இதைக் கேக்க எனக்கு உண்மையிலயே கவலையா இருக்கு, அதுதான் எழுதிறன், கொஞ்சம் நீண்டு போனாலும் போடுங்கோ.

1988 இல வடக்கு கிழக்கு மாகாண சபை இங்க வந்த காலத்தில இருந்தே இது கந்தோர் ஊர். 2007 இல ரெண்டு மாகாணமும் பிரிஞ்ச பிறகும் கிழக்கு மாகாண சபை கந்தோருகள் இங்கதான், அதால மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆக்கள், எங்கட பக்கத்து ஆக்கள் எண்டு எல்லாரும் வேலைக்கு வருகினம், வெள்ளிக்கிழமை எண்டா பாக்கோட பஸ் ஸ்டாண்டில நிக்கினம். யாழ்ப்பாணத்துக்கு நேர ரயிலும் இல்லை, இங்கத்த தண்டவாளம் கல்ஓயா, மாகோ எண்டு கொழும்புப் பக்கம் போறது, எங்களுக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா சுத்திப் போற பஸ்தான். போக ஒரு அரை நாள், வர ஒரு அரை நாள், திங்கக்கிழமை கண் எரிய எரிய கதிரையில இருந்து வேலை செய்யிறது. பிள்ளையள் அப்பாவை இல்லாட்டி அம்மாவை விருந்தாளி மாதிரிப் பாக்குதுகள். இப்பிடி வருஷக் கணக்கா ஓடி உடம்பைக் கெடுத்த ஆக்களை எனக்குத் தெரியும்.

ஏன் குடும்பத்தைக் கூட்டி வரேல்லை எண்டு கேட்டா முதல் சொல்லுறது வீடு. அது சரியான காரணம்தான், நான் மறுக்க மாட்டன். டவுண் ஒரு பக்கம் வெளிக்கடல், மற்றப் பக்கம் உட்துறைமுகம், நடுவில ஒடுங்கின நிலம், அதுக்குள்ள கோட்டை ஆமியிட்ட, டொக்யார்ட் நேவியிட்ட. மிச்ச நிலத்திலதான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை, சனம் எல்லாம். பிறகு வாடகை எப்பிடிக் குறையும்? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போனா மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் வெள்ளைக்காரர் வாற சீசன், நல்ல வீடெல்லாம் கெஸ்ட் ஹவுஸ். நாங்கள் தேடேக்க ஒரு வீட்டுக்காரர் ஒரு வருஷ வாடகையை ஒண்டாத் தாங்கோ எண்டு கேட்டவர், மாசச் சம்பளக்காரர் அதுக்கு எங்க போறது.

ஆனா வழி இருக்கு. பாலையூற்று, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம், அலஸ்தோட்டம் பக்கம் பாருங்கோ, டவுணை விட மலிவு, ஓட்டோ, பஸ் எல்லாம் இருக்கு. தேடுறதை கார்த்திகை, மார்கழி மாரிக்குள்ள தேடுங்கோ, சீசன் இல்லாத நேரம் வீட்டுக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவினம், வளவுக்க வெள்ளம் நிக்குதோ, கூரை ஒழுகுதோ எண்டு கண்ணால பாத்தும் எடுக்கலாம். ஆடி மாசம் பாத்து எடுத்தா கடல் குளம் மாதிரிக் கிடக்கும், வளவு காய்ஞ்சு வடிவாத் தெரியும், மழை வந்தாத்தான் தெரியும் என்ன நிலம் எண்டு. அதோட காத்து வராத வீடு எடுக்காதேங்கோ, கச்சான் காத்து தொடங்கினா தரைப் பக்கமிருந்து அனல் அடிக்கும், ராவிலயும் ஃபேன் நிப்பாட்டேலாது, கரண்ட் பில்லும் ஏறும்.

மற்றது பள்ளிக்கூடம். முதலாம் வகுப்புக்கு ட்ரான்ஸ்பரில வாற அரச உத்தியோகத்தர்ட பிள்ளையளுக்கு தனிப் பிரிவு இருக்கு, ஆனா அதில எடுக்கிற எண்ணிக்கை குறைவு. கூட இடம் வதிவிடத்துக்குத்தான், அதுக்குத் தேர்தல் இடாப்பில பேர் இங்க இருக்கோணும். வாடகைக்கு இருக்கிற கனபேர் பேரை ஊரிலயே விட்டுட்டு இருக்கினம். பேரை இங்க பதிஞ்சாத்தான் பிள்ளைக்கும் இடம் கேக்கலாம், எங்கட வீதி, வடிகான், குப்பை பற்றி உள்ளூராட்சித் தேர்தலிலயும் ஒரு வாக்குப் போடலாம். இவ்வளவு படிச்ச உத்தியோகத்தர் இருக்கிற ஊரில அவையின்ர வாக்கு மட்டும் வேற ஊரில கிடந்தா இந்த ஊருக்காக ஆர் கதைக்கிறது?

இருக்கத் தொடங்கினா இந்த ஊர் நல்ல ஊர் ஐயா. சந்தைக்குப் போனா தமிழும் சிங்களமும் ஒரே கடையில கேக்கும், என்ர பிள்ளை பக்கத்து வீட்டில விளையாடியே சிங்களம் பிடிச்சிட்டுது, ஊரில எண்டா ட்யூஷனுக்கு விட்டாலும் வராது. கிண்ணியா ஆக்கள் முந்திப் பாதையில, அதுதான் மிதவைப் படகில, ஏறிக் கடந்து வந்தவை, 2009 இல அந்த 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு எங்களுக்கும் அங்க போய் வாறது லேசு, எருமைத் தயிர் அங்க வாங்கோணும், இல்லாட்டித் தம்பலகாமத்தில. குழாயில கந்தளாய்த் தண்ணி வருது, வடமராட்சிக் கிணத்துத் தண்ணியில கேத்தில் வெள்ளைப் படை பிடிக்கிறதைப் பாத்து வளந்த எனக்கு அது பெரிய விசயம். கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால நடந்து போகேக்க மான் கூட்டமா நிக்கும். அதுகள் கடற்கரையில பொலித்தீன் பையைத் திண்டு சாகுதுகள், தயவுசெய்து சாப்பாட்டுப் பார்சலை அங்க போடாதேங்கோ.

குறையும் இருக்கு. பெரிய வருத்தம் ஏதும் வந்தா ஆஸ்பத்திரிக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டி வருது, அது குடும்பத்தோட வர யோசிக்கிற ஆக்களுக்கு நியாயமான பயம். அதைச் சரிப்பண்ணச் சொல்லிக் கேக்கிறதுக்கும் இங்கயே இருக்கிற சனம் வேணும்.

கடைசியா வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வருஷக் காசை ஒண்டாக் கேக்காதேங்கோ, மூண்டு மாச அட்வான்ஸ் வாங்குங்கோ, ரெண்டு வருஷ ஒப்பந்தம் எழுதுங்கோ, சீசனுக்கு எழுப்ப மாட்டம் எண்டு அதிலயே போடுங்கோ. சம்பளக்காரக் குடும்பம் மாரிக்கும் உங்கட வீட்டிலதான் இருக்கும், வாடகையும் மாசா மாசம் வரும்.

நன்றி.

உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி,
பாலையூற்று, திருகோணமலை