செயலாளரின் ஆண்டறிக்கை 2020/21

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், அங்கத்தவர்களுக்கும், பரிஸிலிருந்து இணைந்திருக்கும் வர்த்தக நண்பர்களுக்கும் வணக்கம்.

கொரோனாக் கட்டுப்பாடுகளால் இம்முறை, லண்டன் தமிழ் வர்த்தகர்களான எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஸூம் வழியாகவே நடத்துகிறோம். எங்கள் அங்கத்தவர்களில் சிலரையும், பலருடைய தாய் தகப்பனையும் இந்த நோய் கொண்டுபோய்விட்டது. செத்தவீட்டுக்குப் போய் ஒரு ஆறுதல் சொல்லக்கூட முடியாமல் இருந்தோம். அவர்கள் எல்லோருக்கும் எங்கள் அஞ்சலி. ரூட்டிங், ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹரோ என்று எங்கள் கடைகள் இருக்கும் இடமெல்லாம், வெளியே வரமுடியாத முதியவர்களின் வாசலுக்கே அரிசியும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்த அங்கத்தவர்களைச் சங்கம் நன்றியோடு பதிவு செய்கிறது. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். புதிய அங்கத்தவர் விபரம் இணைப்பில் உள்ளது.

இனி, இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வருகிறேன். பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வர்த்தக உடன்படிக்கை அது.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 வீதமானோர் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள். எங்கள் அங்கத்தவர்களும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அதைப்பற்றிச் சங்கம் எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை, இனியும் எடுக்காது. ஆனால் 2020 ஜனவரி 31 இரவு வெளியேறிய பிறகு நடந்த பேச்சுவார்த்தை, கட்சி பார்க்காமல் எங்கள் எல்லோருடைய கல்லாப்பெட்டியையும் தொட்டது. அதில் நிலைப்பாடு எடுக்கவேண்டியது எங்கள் கடமை.

பழைய விதிகளே தொடரும் இடைமாறு காலம் டிசம்பர் 31 வரை என்று குறிக்கப்பட்டிருந்தது. மார்ச் தொடக்கத்தில் பிரசல்ஸில் முதற்சுற்றுப் பேச்சு நடந்தது. அந்த மாதமே ஐரோப்பியத் தரப்புக்குத் தலைமை தாங்கிய மிஷேல் பார்னியேருக்குக் கொரோனா தொற்றியது. பிரித்தானியத் தரப்பின் டேவிட் ஃப்ரொஸ்டும் தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டார். பிறகு பல சுற்றுகள் காணொளியிலேயே நடந்தன. கனடா இதே ஒன்றியத்தோடு 2009 இல் பேசத் தொடங்கி 2016 இல்தான் கையொப்பமிட்டது. அதே மாதிரியான உடன்படிக்கையை ஒரு பெருந்தொற்றின் நடுவே பத்து மாதத்தில் முடிக்கவேண்டியிருந்தது. காலத்தை நீடிக்க ஜூன் 30 வரை வாய்ப்பிருந்தும் அரசாங்கம் கேட்கவில்லை. நீடிக்கக் கேட்கும்படி சங்கம் மே மாதமே அங்கத்தவர்களின் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதியது. அந்த மறுப்பு பிழையான முடிவு என்றே இன்றும் சொல்கிறோம். கடைசித் திகதி நெருங்க நெருங்க, இரண்டு தரப்பிலும் எதை முதலில் பேசுவது என்பதைக் கடிகாரம் தீர்மானித்தது.

அதன் விளைவை நாங்கள் பார்த்தோம். இழுபறி முழுவதும் மூன்று விடயங்களில் இருந்தது: மீன்பிடி, சமமான போட்டி விதிகள், தகராறு வந்தால் யார் தீர்ப்பது. பிரித்தானியப் பொருளாதாரத்தில் மீன்பிடியின் பங்கு 0.1 வீதமளவில்தான். மீனவர்களின் வலி எங்களுக்கு விளங்காததல்ல. கடலை நம்பிய ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் எங்களில் பலர். ஆனால் சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் எங்களைப்போன்ற சிறு வர்த்தகர்களை எப்படித் தாக்கும் என்று பகிரங்கமாகப் பேசியவர்கள் மிகச் சிலரே.

டிசம்பர் 24 உடன்பாடு வந்தது. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். 30 ஆம் திகதி ஒரே நாளில் பிரித்தானிய நாடாளுமன்றப் பொதுச்சபையில் 521க்கு 73 என்று நிறைவேறியது. ஜனவரி 1 முதல் நடைமுறை. நத்தார் விடுமுறைக்குள் அதை வாசித்து, களஞ்சியப் பதிவுகளைத் திருத்தி, சுங்க முகவர் தேடு என்றால் எந்தக் கடைக்காரரால் முடியும்?

“வரி இல்லை, ஒதுக்கீட்டு அளவும் இல்லை” என்று தொலைக்காட்சியில் சொன்னது உண்மை. ஆனால் அது பிரித்தானியாவிலோ ஒன்றியத்திலோ உற்பத்தியானதாக விதிப்படி நிறுவக்கூடிய பொருளுக்கு மட்டும். எங்கள் வியாபாரம் அப்படிப்பட்டதல்ல. இலங்கையிலிருந்து பிஸ்கற்றும் அரிசிமாவும் ரின்னில் அடைத்த பலாக்காயும் கொன்டெய்னரில் வந்து லண்டனில் இறங்கும். இங்கே பிரித்து, சிறு பொதியாக்கி, பரிஸ் லா ஷப்பல் கடைகளுக்கும் ஜேர்மனிக்கும் லொறியில் போகும். முப்பது வருடமாக நடக்கிற தொழில். மூட்டையைப் பிரித்துப் பைக்கற்றில் போட்டு லேபல் ஒட்டுவதால் ஒரு பொருள் பிரித்தானியப் பொருளாகிவிடாது என்று உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆகவே வரிக்குரிய பொருளென்றால் இங்கே இறங்கும்போது ஒரு தடவை வரி, பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இன்னொரு தடவை வரி. நெதர்லாந்தில் செய்த பொருள்கூட லண்டன் களஞ்சியத்துக்கு வந்து பரிஸுக்குப் போனால் தன் சலுகையை இழக்கிறது.

தைப்பொங்கலுக்கு முன் நடந்ததைக் குறிப்பிட வேண்டும். அங்கத்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு லொறி ஏற்றினார்கள். சர்க்கரை, பச்சையரிசி, பயறு, பிஸ்கற், பூசைச் சாமான், பின்பக்கப் பலட் ஒன்றில் நெய் ரின். துறைமுகத்துக்குப் போகும் லொறிகளுக்கான கென்ற் நுழைவு அனுமதி எடுத்தார்கள், சாரதிக்குக் கொரோனாப் பரிசோதனை செய்தார்கள், சுங்கத்தில் வர்த்தகரை அடையாளங்காட்டும் ஈஓஆர்ஐ இலக்கம் சரியாக இருந்தது. நெய் விலங்குப் பொருள் என்பதால் அதிகாரம் பெற்ற மிருக வைத்தியர் ஒப்பமிட்ட ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்பது எவருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு பலட்டுக்காக முழு லொறியும் கலேயில் நின்றது. மற்றவர்களின் பத்திரங்களில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், ஒரே லொறியில் ஏற்றினால் எல்லாருக்கும் ஒரே கதிதான். பொங்கல் முடிந்த பிறகுதான் சாமான் லா ஷப்பலுக்குப் போய்ச்சேர்ந்தது. அந்த நட்டத்தை அங்கத்தவர்களே பங்கிட்டுக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு நிர்வாகசபை ஒரு சுங்க முகவரையும் ஒரு கணக்காளரையும் அழைத்து மாலை வகுப்புகள் நடத்தியது. அங்கே கிடைத்தவற்றில் முக்கியமானதை எல்லோரும் அறியவேண்டும். இலங்கைக்கு ஒன்றியம் 2017 இல் திரும்பக் கொடுத்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை இருக்கிறது. பிரித்தானியாவும் ஜனவரி முதல் தன் சொந்தச் சலுகைத் திட்டத்தில் இலங்கையைச் சேர்த்திருக்கிறது. இவை இப்போது இரண்டு தனித்தனிச் சலுகைகள். லண்டனில் சுங்கம் முடித்து உள்ளே எடுத்த சரக்கு பரிஸுக்குச் சலுகையோடு போகாது. ஆனால் கொன்டெய்னரைச் சுங்கக் கட்டுப்பாட்டிலுள்ள களஞ்சியத்தில் வைத்து, அங்கேயே பிரித்து, பரிஸ் பங்கை, இங்கே வரி கட்டாமல் கடந்துபோக விடும் டீ-1 பயணப் பத்திரத்தில் அனுப்பினால், ஏற்றுமதியாளரின் உற்பத்தி நாட்டு அறிவிப்போடு பிரான்ஸில் சலுகை கேட்க வழி உண்டு. பெரிய அளவில் எடுப்பவர்கள் நேரே நெதர்லாந்தின் றொட்டர்டாம் துறைமுகத்தில் இறக்குவது நல்லது. லண்டனின் வேலை அங்கே போவது கவலைதான். வேலை செய்யும் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். நெய், மாசிக்கருவாடு, இறைச்சி றோல்ஸ் ஆகியவற்றை மற்றச் சாமானோடு ஒருபோதும் கலந்து ஏற்றவேண்டாம்.

ஐரோப்பாவிலிருந்து இங்கே வரும் பொருளுக்கான முழுச் சோதனைகளை அரசாங்கம் இம்மாதம், 2021 மார்ச் 11 ஆம் திகதி, ஒக்டோபருக்கும் அடுத்த ஜனவரிக்கும் தள்ளிவைத்திருக்கிறது. ஹொலண்ட் மரக்கறியும் பூவும் எடுப்பவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால் இங்கிருந்து போகும் சரக்குக்கு முதல் நாளிலிருந்தே முழுச் சோதனை. சிறு வியாபாரங்களுக்கு 2,000 பவுண் வரை உதவும் நிதி இம்மாதம் திறந்தது. ஒன்றியத்தோடு மட்டும் வர்த்தகம் செய்பவர்களுக்கே அது. இலங்கையிலோ இந்தியாவிலோ கொள்வனவு செய்யும் எங்கள் அங்கத்தவர்கள் அனேகமாக எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். இது அநீதி என்று எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று, வர்த்தகத்தைவிட அவசரமானது. நெதர்லாந்து, ஜேர்மனி, டென்மார்க், பிரான்ஸ் குடியுரிமையோடு பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்து குடியேறிய எங்கள் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் தொடர்ந்து இங்கே வாழ, ஒன்றியக் குடிமக்களுக்கான குடியிருப்புத் திட்டத்தில் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் வேண்டும். பலர் அதை அறியாமல் இருக்கிறார்கள். கடை மேசையில் வைக்கத் தமிழில் துண்டுப்பிரசுரம் தயார். ஞாயிற்றுக்கிழமைகளில் படிவம் நிரப்ப உதவுகிறோம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. உடன்படிக்கை இன்னும் தற்காலிகமாகவே நடைமுறையில் உள்ளது; ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஏப்ரல் முடிவுக்குள் வாக்களிக்க வேண்டும். அது நடந்தபின் சுங்கத்துக்கும் உற்பத்தி நாட்டு விதிக்குமென ஒரு சிறப்புக் குழு இயங்கும். வர்த்தக அமைப்புகள் உட்பட வெளியாரின் கருத்தைக் கேட்க உள்நாட்டு ஆலோசனைக் குழுவும் அமைக்கப்படவேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அதில் எங்கள் குரல் இருக்கவேண்டும் என்று விண்ணப்பிப்பது முதற்தீர்மானம். மூன்றாம் நாட்டுப் பொருளை மறுஏற்றுமதி செய்பவர்களின் கஷ்டத்தை, பரிஸ் வர்த்தக நண்பர்களோடு சேர்ந்து, உடன்படிக்கையின் ஐந்தாண்டு மீளாய்வுக்கு இப்போதிருந்தே ஆதாரத்தோடு தொகுப்பது இரண்டாவது. ஜனவரி முதல் கட்டிய ஒவ்வொரு வரி பற்றுச்சீட்டின் பிரதியையும் அங்கத்தவர்கள் ஏப்ரல் 15க்குள் செயலாளருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடை, கம்பனிப் பெயர்கள் வெளியிடப்படமாட்டா.

நன்றி.

செயலாளர்
28 மார்ச் 2021, லண்டன்